ஆல்மெட்டாவின் இரண்டேகால்

ஆல்மெட்டா பிங்காம் கார் வாங்கி வந்த அன்று, அமெரிக்காவின் வடக்கே ஃப்ளின்ட் நகரத்து வால்நட் சந்தில் ஒரு வீட்டிலும் மதியச் சாப்பாடு நேரத்துக்கு நடக்கவில்லை. எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவள் அந்தக் காரைத் தன் வீட்டுக் கொட்டகைக்குள் நுழைக்கப் படும் பாட்டைப் பார்க்கக் கசக்குமா என்ன! ஆறு முறை முன்னே போய், ஆறு முறை பின்னே வந்து, ஏழாவது முறை ஒருவழியாக உள்ளே விட்டாள். விட்ட பிறகுதான் கொட்டகைக் கதவு மூடவில்லை என்று தெரிந்தது. கார் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கு மனம் நொந்திருப்பாள். ஆல்மெட்டா மறுநாளே தச்சனைக் கூப்பிட்டுக் கொட்டகையின் பின்சுவரை இடித்து, காரின் மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு பலகைக் கூண்டு கட்டச் சொன்னாள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கொட்டகைக்குத் தொப்பை போட்ட மாதிரி இருக்கும். அதைக் காட்டிச் சிரித்தவர்களிடம், "என் வண்டி பெருசு. கொட்டகைதான் வளரணும்," என்பாள்.

பியூக் எலெக்ட்ரா, எழுபத்திரண்டாம் வருஷத்து மாடல். கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, உள்ளே வெள்ளை இருக்கை. இருநூற்று இருபத்தைந்து என்று அந்த வண்டியின் பெயரோடே ஓர் எண் ஒட்டியிருக்கும். அத்தனை அங்குல நீளம் என்று பொருள். கறுப்பர்கள் வாழ்ந்த தெருக்களில் அதை யாரும் எலெக்ட்ரா என்று சொன்னதில்லை. இரண்டேகால் நூறைச் சுருக்கி, செல்லமாக இரண்டேகால் என்றுதான் சொல்வார்கள். இரண்டேகால் வைத்திருப்பவன் வழியில் வந்தால், கடன் கேட்கிறவன்கூட முதலில் வணக்கம் சொல்லுவான்.

அந்த நகரத்தில் பாதிப்பேர் கார் செய்தார்கள். ஆல்மெட்டா இருக்கை தைத்தாள். தையல் கூடத்தில் நூற்றைம்பது பெண்கள், நூற்றைம்பது மெஷின்கள். உரித்த மாட்டுத்தோல் கனத்துக்கு வரும் செயற்கைத் தோலை மடக்கி, உள்ளே கயிறு வைத்து, ஓரம் அடிக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அடித்தாள். இரண்டு முறை ஊசி விரலுக்குள் போய் மறுபக்கம் வந்தது. கணவன் என்று ஒருவன் இருந்தான், போய்விட்டான். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாமும் பேச வேண்டாம். அவன் போன மறுவருஷம், 'ஊருக்கெல்லாம் இருக்கை தைக்கிறேன், எனக்கென்று ஓர் இருக்கை வேண்டும்' என்று முடிவு செய்தாள். அதற்கு ஏழு வருஷம் பிடித்தது.

பத்தொன்பது ஆண்டுகள் அந்த வண்டியை ஓட்டினாள். எண்பது வயதிலும் அவளிடம் இரண்டேகாலைப் பற்றிக் கேட்டால் காபி ஆறிப்போகும். சக்கரத்தை ஒரு விரலால் திருப்பலாம் என்பாள். அறுபது மைல் வேகத்தில் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடலாம் என்பாள். அந்த வெள்ளை இருக்கையில் மூன்று மணப்பெண்கள் போனார்கள், ஒரு குழந்தை பிறக்கப் பார்த்தது என்பாள். எங்கே தொடங்கினாலும் கடைசியில் எழுபத்திரண்டு ஆகஸ்ட் மாதத்துக்கு வந்து நிற்பாள். அவள் முகம் அந்த இடத்தில் மாறும்.

வடக்கே வேலைக்குப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, தொழிற்சாலை புது மாடலுக்காக மூடியிருக்கும் நாட்களில், தெற்கே சொந்த ஊருக்குப் போவார்கள். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு ஆலயத்தில் ஊர்திரும்பல் ஆராதனை. அன்றைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். வந்தால் மட்டும் போதாது, காரில் வர வேண்டும். எந்தக் காரில் வந்தான், அதற்குப் போன வருஷத்துக் கார் தேவலையா என்று ஆலயத்து மரத்தடியில் ஒரு முழு ஆண்டுக்குப் பேச்சு ஓடும். இதனாலேயே வடக்கே கார் இல்லாதவர்கள் வாடகைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, 'என்னுடையது' என்று வாய் கூசாமல் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை. அதுதான் மரியாதை.

அந்த மரியாதை ஒருமுறை உடைந்தது. உடைந்தது ஆல்மெட்டாவின் அப்பா தலையில்.

ஏமஸ் டக்கெட் தெற்கே மிசிசிப்பியின் செம்மண் மேட்டில் அடுத்தவன் நிலத்தைப் பங்குக்கு உழுது ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். ஆலயத்தில் சபைக் காரியம் பார்க்கும் டீக்கன். வாழ்க்கையில் பொய் சொல்லத் தெரியாததால் அடுத்தவர் பொய்யையும் கண்டுபிடிக்கத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய மூத்த மருமகன் க்ளியோஃபஸ் சிகாகோவிலிருந்து பளபளவென்று ஒரு காரில் வந்து இறங்கினான். ஆண்டவன் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராகச் சபைமுன் சாட்சி சொல்லும் நேரத்தில் டீக்கன் எழுந்து நின்று, மருமகனுக்குக் கார் கொடுத்த ஆண்டவனுக்குக் கண்ணீரோடு நன்றி சொன்னார். சாப்பாட்டு நேரத்தில், ஆலயக் கணக்குப் பார்க்கும் ஹோசியா தீப்பெட்டி தேடுகிறேன் என்று காரில் முன்னிருக்கைக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தான். செவ்வாய்க்கிழமை காலைக்குள் திருப்பித் தரவும் என்ற வாடகைச் சீட்டு கையில் கிடைத்தது. ஹோசியாவுக்கு நல்ல கணீர்க் குரல். வாசித்தான்.

சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆனதாம். அன்று மூக்கறுபட்டவர், அதற்குப் பிறகு மூன்று வருஷம் சாட்சி நேரத்தில் எழுந்திருக்கவே இல்லை. ஐம்பது வருஷம் வாரந்தவறாமல் எழுந்து நின்ற மனிதர்.

ஆல்மெட்டா அந்த ஆகஸ்டில் தெற்கே வண்டியைத் திருப்பியது ஒரே காரியத்துக்கு. அப்பா அவளுடைய இரண்டேகாலில், முன்னிருக்கையில் உட்கார்ந்து, ஊர்திரும்பல் ஆராதனைக்குப் போக வேண்டும். போய் எழுந்து நிற்க வேண்டும். தொள்ளாயிரம் மைலும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினாள்.

வியாழக்கிழமை பிற்பகல் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அப்பா வெளியே வந்தார். காரை முன்னிருந்து பின்வரை நடந்து பார்க்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "என்னைக்குத் திருப்பிக் குடுக்கணும்?"

"யாருக்குப்பா குடுக்கணும்? என் வண்டிப்பா."

"சரி, சரி. கோழி மேல ஏத்தாம ஓரமா நிறுத்து."

வெள்ளிக்கிழமை அவள் வண்டியின் உரிமைப் பத்திரத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். ஏமஸுக்கு வேதாகமத்தின் பெரிய எழுத்துகள் மட்டும் பழக்கம். பத்திரத்தைத் தொடக்கூட இல்லை.

"க்ளியோஃபஸும் காகிதம் வச்சிருந்தான். இதைவிடப் பெரிய காகிதம். முத்திரையெல்லாம் இருந்துச்சு."

"நான் க்ளியோஃபஸாப்பா?"

அவர் பீன்ஸ் உரித்துக்கொண்டே இருந்தார். அது அவளை அறைந்த மாதிரி இருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள்.

"இந்தத் தையலைப் பாருங்க. மூலையில இடது பக்கமா ஒரு நூல் சாயும். என் கைக்குத்தான் அப்படிச் சாயும். சூப்பர்வைசர் திட்டிக்கிட்டே இருப்பான். இது நான் தைச்ச சீட்டுப்பா!"

"நீ தைச்ச சீட்டுல நாடே உக்காந்து போகுது. அதுக்காக நாட்டுல ஓடுற வண்டியெல்லாம் உன்னுதா?" ஏமஸ் குனிந்து, இருக்கைகள் மேல் போட்டிருந்த கண்ணாடிப் பிளாஸ்டிக் உறையை விரலால் தட்டினார். "இது எதுக்கு? கறை பட்டா அபராதம் போடுவானா?"

ஃப்ளின்டில் புதுக்கார் வாங்கினவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் போடுவார்கள். சோபாவுக்கும் போடுவார்கள். சொந்தப் பொருளைத்தான் அப்படிப் பொத்திவைப்பார்கள். தெற்கே அதற்கு நேரெதிர் அர்த்தம் என்று ஆல்மெட்டாவுக்குத் தோன்றவேயில்லை. கோபம் தலைக்கேறி, உறைகளை ஒன்றுவிடாமல் கிழித்து, சுருட்டி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தாள். ஏமஸ் அதையும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்துவைத்து நின்றாள். ஏமஸ் கறுப்புக் கோட்டைப் பொத்தான் போட்டபடி வெளியே வந்து, காரைத் தாண்டிச் சாலையில் இறங்கி நடக்கத் தொடங்கினார்.

"அப்பா! ஒன்றரை மைல்ப்பா!"

"அறுபது வருஷமா நடக்கறேன். வழி தெரியும்."

"ஏறுங்கப்பா, ஊரே பாக்குது."

"அதுக்குத்தான் நடக்கறேன். ஒரு தடவை சிரிச்சாங்க, போதும்."

ஆல்மெட்டாவும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பன் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது. வண்டியை உயிர்ப்பித்து, அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு, அவர் நடக்கிற வேகத்திலேயே ஓட்டினாள். முன்னால் கறுப்புக் கோட்டில் ஒரு கிழவர், பின்னால் பத்தொன்பது அடிக் கார். வழியில் இருந்த வீடுகளில் தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் ஆட்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ செத்துப்போய்விட்டார்கள், சவ ஊர்வலம் என்று நினைத்துவிட்டார்கள்.

பாதி வழியில், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கிய பழைய லாரிக்குப் பக்கத்தில் தம்பியோடு லுட்டீஷா நின்றிருந்தாள். ஆலயத்து விருந்துக்கு முப்பது வருஷமாகச் சமைப்பவள். காலடியில் ஒரு பெரிய இரும்புப் பானை. முந்தின நாளெல்லாம் குழியில் வெந்த பன்றிக்கறி, தக்காளியும் வினிகரும் மிளகாயும் சேர்த்த சிவப்புக் குழம்போடு.

"மெட்டா! நல்ல நேரத்துல வந்தே! கதவைத் தொற."

"டிக்கியில வைக்கலாம்க்கா. டிக்கி பெருசு."

"டிக்கியில வச்சா யாரு புடிச்சுக்கறது? கவுந்தா முந்நூறு பேருக்கு நீயா சோறு போடுவே? பின்சீட்டுல வச்சு நான் கட்டிப் புடிச்சுக்கறேன். தொற, தொற."

ஆல்மெட்டா வெள்ளை இருக்கையைப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் பிளாஸ்டிக்கை நினைத்தாள். முன்னால் அப்பா நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டேன் என்று சொன்னால் வாடகை வண்டிதான் என்று அவர் முடிவே கட்டிவிடுவார். வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். லுட்டீஷாவின் தம்பி பானையைத் தூக்கிவைத்தான். லுட்டீஷா ஏறி அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். ஏமஸ் மறுபடி நடந்தார். கார் மறுபடி ஊர்ந்தது.

ஓடைப் பாலத்துக்கு முன்னால் மழை அரித்த ஒரு குழி. நடைவேகத்தில்தான் போனாள். ஆனாலும் முன்சக்கரம் இறங்கி ஏறியபோது பின்னால் "ஆண்டவரே!" என்று ஒரு கூச்சல் கேட்டது. அதற்குப் பிறகு, தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு சத்தம்.

அவள் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். பானையில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி வெள்ளை இருக்கையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பாக வழிந்து, தையல் மடிப்புகளில் தேங்கி, கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆல்மெட்டா போட்ட சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. ஊளை. பாலத்தடியில் இருந்த கொக்குகள் பறந்துபோயின. வெள்ளை உடுப்போடு செம்மண்ணில் முழங்காலிட்டு, தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அதனாலேயே துடைத்தாள்.

"என் சீட்டு! என் சீட்டு போச்சே! ஏழு வருஷம்! ஏழு வருஷம் ஒரு நல்ல செருப்பு வாங்கல! புடிச்சுக்கறேன்னு சொன்னியே பாவி, இதுதான் நீ புடிக்கிற லட்சணமா? பாலத்துக்கிட்ட ஒரு கூடை மண்ணு கொட்ட வக்கில்லை, இந்த ஊருக்கு ஆராதனை ஒரு கேடா!"

"ஞாயித்துக்கிழமைடி, வாயை அடக்கு," என்றாள் லுட்டீஷா, கழுத்துவரை குழம்போடு.

"நீ பேசாத!" ஆல்மெட்டா திரும்பினாள். ஏமஸ் வந்து நின்றிருந்தார். "எல்லாம் உங்களாலதான்! நீங்க ஒரு வார்த்தை நம்பியிருந்தா பிளாஸ்டிக் இருந்திருக்கும்! உங்களுக்குக் காட்டணும்னுதான் கிழிச்சேன்! இப்ப சந்தோஷமா?"

அப்பாவைப் பார்த்து அவள் குரல் உயர்த்தியது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. ஏமஸ் அதைக் கவனித்தமாதிரி தெரியவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பரவும் கறையையும் மகளின் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"க்ளியோஃபஸ் வந்தப்ப," என்றார் மெதுவாக, "ஆலயத்து கேட்டுல உரசி அந்த வண்டிக் கதவு நீளத்துக்குக் கிழிஞ்சுது. நான் பதறிட்டேன். அவன் சிரிச்சான். 'போகட்டும் மாமா, இரும்புதானே'ன்னான். எவ்வளவு பெரிய மனசுன்னு நான் நாலு பேருகிட்ட சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவள் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"அவனுக்கு என்ன வலி? நீ இந்த அழுகை அழறே."

தன் மார்புப் பையிலிருந்த, ஞாயிற்றுக்கிழமைக்கென்று மடித்துவைத்த கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "தேய்க்காத. ஒத்தி எடு. தேய்ச்சா உள்ள எறங்கும்." பிறகு காரைச் சுற்றி முன்கதவுக்குப் போய்த் திறந்து, உள்ளே பார்த்தார். ஏறவில்லை. சாலையோரப் பாறையில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"செம்மண்ணு ஒட்டியிருக்கு. உள்ள வெள்ளையா வச்சிருக்கே."

"பின்னாடி பாதிப் பானை கொட்டிக் கெடக்குப்பா!"

"அது லுட்டீஷா பண்ணது. நான் பண்ண மாட்டேன்."

இரண்டு காலணிகளையும் ஒன்றோடொன்று தட்டி, மடியில் வைத்துக்கொண்டு, காலுறைகளோடு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கதவு மூடும்போது ஒரு கனத்த, மெத்தென்ற சத்தம் வரும். அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "நல்ல கதவு," என்றார். ஆல்மெட்டாவுக்கு அழுகையை நிறுத்த முடியவில்லை. ஆனால் அது இப்போது வேறு அழுகை.

ஆலயத்து மைதானம் நிறைந்திருந்தது. கரும்பச்சை வண்டி உள்ளே திரும்பியதும் பேச்சு நின்றது. ஹோசியா முன்னால் வந்தான். முகத்தில் மூன்று வருஷத்துச் சிரிப்பை மிச்சம் வைத்திருந்தான்.

"வாங்க டீக்கன், வாங்க! இது என்னைக்கு..."

முன்கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது காலுறை போட்ட ஒரு பாதம். பெருவிரல் பக்கம் ஓட்டை. பிறகு இன்னொரு பாதம். டீக்கன் ஏமஸ் டக்கெட் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, அவசரமே இல்லாமல் காலணியை மாட்டி, ஒவ்வொரு நாடாவாக இழுத்துக் கட்டினார். ஹோசியா குனிந்து காருக்குள் எட்டிப் பார்க்க, கூரையில் கையை ஊன்றினான்.

"கையைத் துடைச்சுட்டுத் தொடு," என்றார் ஏமஸ்.

ஹோசியா கையை எடுத்தான். கால்சட்டையில் துடைத்தான். பின்கதவிலிருந்து கழுத்துமுதல் கால்வரை சிவப்பாக இறங்கிய லுட்டீஷா அவனைப் பார்த்து, "வாடகை வண்டிக்கு எவனாவது செருப்பைக் கழட்டுவானாடா?" என்றாள். முன்னால் நின்ற பெண்கள் "அதானே!" என்று விசிறியை ஆட்டினார்கள்.

ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஒருத்தி தன் மூட்டுவலி தீர்ந்ததைச் சொன்னாள். ஒருவன் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னான். இரண்டாம் வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஏமஸ் எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆலயமே திரும்பிப் பார்த்தது. குழம்பும் செம்மண்ணும் பட்ட உடுப்போடு, தொப்பியில்லாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆல்மெட்டா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றார் டீக்கன். "இன்னைக்குக் கறி கொஞ்சம் கம்மியா இருக்கும். மீதி என் மகள் வண்டியில கெடக்கு."

கூரை அதிரச் சிரித்தார்கள். இந்தமுறை அவரும் சேர்ந்து சிரித்தார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. ஆல்மெட்டா சிரிக்கவில்லை. 'என் மகள் வண்டி' என்ற மூன்று சொற்களை மட்டும், முதுகு நிமிர்த்தி, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.